ஹார்மோனிகாவில் சுரம் வளைவது திட்டமிட்டதா, தற்செயலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துத் துளை ஹார்மோனிகாவை (நம் ஊர் வழக்கில் மவுத் ஆர்கன்) வாங்கி இரண்டு மாதம் வாசித்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "இதைச் செய்தவர்கள் சுரம் வளைய வேண்டும் என்று யோசித்தே செய்தார்களா, இல்லை அது பாட்டுக்கு அமைந்துவிட்டதா?" கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தேடிப் போனால் இந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதும் புரியும், யார் கையில் அது என்னவாக மாறியது என்பதும் புரியும்.

கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் சி சுருதி ஹார்மோனிகாவுக்கு. சி-யை 'ச' என்று வைத்துக்கொண்டு நம் சுரப் பெயர்களிலேயே சொல்கிறேன். அதுதான் எனக்கும் எளிது. ம1, ம2 என்று எண் வந்தால், எண் கூடக் கூட அந்தச் சுரத்தின் உயர்ந்த வகை என்று கொள்ளுங்கள்.

சுரத்தை வளைப்பது என்றால் என்ன?

ஹார்மோனிகாவில் ஒவ்வொரு துளைக்கும் இரண்டு சுரம். ஊதினால் ஒன்று, மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொன்று. துளை மாறாமல், உதட்டை நகர்த்தாமல், வாய்க்குள் நாக்கு இருக்கும் நிலையை மட்டும் மாற்றி அந்தச் சுரத்தைக் கீழே இறக்குவதுதான் பெண்டிங். சுரம் படியில் இறங்குவது போல இறங்காது, சறுக்கி இறங்கும். நம் காதுக்கு ஜாரு மாதிரி கேட்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் ஹார்மோனிகா அழுவது போல ஒலிக்கிறதே, அது இதனால்தான்.

சரி, திட்டமா தற்செயலா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

வளையும் தன்மை கருவிக்குள் தற்செயலாக வந்து சேர்ந்தது. அதை வளைத்து வாசித்தவர்கள் தெரிந்தேதான் வாசித்தார்கள். இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

தற்செயல் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சுரங்களை அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தாலே போதும். ஹார்மோனிகா 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மன் பேசும் நாடுகளில் உருவான கருவி. அங்கே அதை வாங்கியவர்கள் நாட்டுப்புறப் பாட்டும் நடனமும் வாசிக்கிற சாதாரண மக்கள். மெட்டு வாசிக்கும்போதே பின்னணிக்கு ஒத்து ஒலிக்க வேண்டும், தெரியாதவர் ஊதினாலும் அபசுரம் வரக்கூடாது. அடுக்கு முழுவதும் இந்தத் தேவையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பாருங்கள். ஊதினால் பத்துத் துளையிலும் ச க ப, ச க ப, ச க ப, ச. எங்கே வாயை வைத்து ஊதினாலும் இனிமையாக இருக்கும். இழுத்தால் முதல் நான்கு துளைகளில் ரி, ப, நி, ரி. இது 'ப'வை ஆதாரமாகக் கொண்ட இன்னொரு ஒத்திசைவு, அதாவது சேர்ந்து இனிமையாக ஒலிக்கும் சுரக்கூட்டம். மேற்கத்திய நாட்டுப்புறப் பாட்டுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு ஒத்திசைவை மாற்றி மாற்றிப் போட்டே வாசித்துவிடலாம். ஊது, இழு, ஊது, இழு. அவ்வளவுதான்.

இந்த வசதிக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் துளையை இழுத்தால் 'ப'. மூன்றாம் துளையை ஊதினாலும் அதே 'ப'. ஒரே சுரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொண்டதால் கீழ் ஸ்தாயியில் ம-வுக்கும் த-வுக்கும் இடமே இல்லை. சங்கராபரணத்தின் ஆரோகணத்தைக் கீழ்த் துளைகளில் வாசித்துப் பாருங்கள், ச ரி க வரை வந்து 'ப'வுக்குத் தாவ வேண்டியிருக்கும். மேல் ஸ்தாயியிலும் நி இல்லை. நடுவில், 4 முதல் 7 வரையுள்ள துளைகளில் மட்டும்தான் ஏழு சுரமும் முழுதாகக் கிடைக்கும்.

இப்போது ஒன்று கவனியுங்கள். இரண்டாம் துளையின் 'ப'வை முழுக்க வளைத்தால் ம1 வருகிறது. மூன்றாம் துளையின் நி3-ஐ இரண்டு படி (ஒரு படி என்றால் ஒரு அரைச்சுரம்) வளைத்தால் த2 வருகிறது. பத்தாம் துளையில் ஊதும் ச-வை வளைத்தால் விட்டுப்போன நி3-உம் கிடைக்கிறது. காணாமல் போன மூன்று சுரமும் வளைவில் ஒளிந்திருக்கின்றன! இதைப் பார்த்துத்தான் சிலர், "இவ்வளவு கச்சிதமாகத் தற்செயலாக அமையுமா, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்" என்று நினைக்கிறார்கள். அந்த வியப்பு எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு துளையில் இரண்டு சுரத்துக்கு நடுவே இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியில் விடுபட்ட சுரங்கள் இருக்கத்தானே செய்யும்? வளைவு அந்த இடைவெளியை நிரப்புகிறது. சுரங்கள் விடுபட்டதற்கும் வளைவு கிடைத்ததற்கும் காரணம் அந்த ஒரே இடைவெளிதான்.

இந்த அடுக்கைச் செய்தது யார்?

இதை ரிக்டர் அடுக்கு என்பார்கள். பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) சேர்ந்த ஜோசஃப் ரிக்டர் என்ற பெயரோடு வழக்கமாகச் சேர்த்துச் சொல்வது உண்டு. அதை உலகமெங்கும் கொண்டுபோனவர் மத்தியாஸ் ஹோனர். தென்மேற்கு ஜெர்மனியில் ட்ரோசிங்கன் என்ற ஊரில் 1857இல் தொழிலைத் தொடங்கினார். முதல் வருடம் செய்தது வெறும் 650 ஹார்மோனிகா. முப்பது வருடத்துக்குள் எண்ணிக்கை வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது, பெரும்பங்கு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்றும் விற்கிற மரீன் பேண்ட் மாடல் 1896இல் வந்தது.

ஒரு பித்தளை ரீட் எப்படித் தன் சுருதியை விட்டு இறங்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரீட் என்பது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோகப் பட்டை.

ஹார்மோனிகாவின் மூடித் தகடுகளைக் கழற்றினால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பித்தளைத் தகடுகள் இருக்கும். மேல் தகட்டில் ஊதும் ரீட்கள் உள்பக்கம் பொருத்தியிருக்கும். கீழ்த் தகட்டில் இழுக்கும் ரீட்கள் வெளிப்பக்கம் இருக்கும். நடுவில் சீப்பு மாதிரி ஒரு மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ. சீப்பின் ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு ரீட், கீழே ஒரு ரீட். இரண்டுக்கும் நடுவே தடுப்பு கிடையாது, ஒரே அறையில்தான் இரண்டும் குடியிருக்கின்றன. இடமும் பொருளும் மிச்சம் என்பதால் செய்த ஏற்பாடு.

மூச்சை இழுக்கும்போது இழுக்கும் ரீட் தன் துவாரத்தை மூடும் திசையில் நகர்ந்து அதிரத் தொடங்கும். அதே இழுப்பில் ஊதும் ரீடும் தன் துவாரத்தைத் திறக்கும் திசையில் லேசாக நகரும், ஆனால் சாதாரணமாக அது சும்மா இருக்கும். நாக்கைப் பின்னால் இழுத்து வாய்க்குள் இருக்கும் காற்றறையின் அளவை மாற்றினால், அந்த அறையின் இயல்பான ஒலி கீழே இறங்குகிறது. இழுக்கும் ரீட் அதோடு ஒத்துப்போகப் பார்த்துக் கீழே சரிகிறது. சரியச் சரிய ஊதும் ரீட் விழித்துக்கொண்டு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. முழுக்க வளைந்த நிலையில் நாம் கேட்கிற ஒலியைப் பெரும்பாலும் உண்டாக்குவது அந்த எதிர் ரீட்தான். மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கிறோம், ஒலிப்பதோ ஊதுவதற்கென்று வைத்த ரீட்!

நம்ப முடியவில்லை என்றால் செய்து பார்க்கலாம். மூடித் தகடுகளைக் கழற்றிவிட்டு மூன்றாம் துளையை முழுக்க வளைத்துப் பிடியுங்கள். அப்படியே விரல் நுனியால் கீழ்த் தகட்டில் அந்த இழுக்கும் ரீடை மெதுவாகத் தொட்டு நிறுத்துங்கள். ஒலி நிற்காது. விரலை மேல் தகட்டுக்குக் கொண்டுபோய் ஊதும் ரீடுக்கு வெளியே அதன் துவாரத்தை மூடுங்கள், வளைவு பிடியை விட்டுவிடும். முதல் தடவை இதைச் செய்தபோது நான் ஐந்து நிமிடம் வாசிக்காமல் அந்த ரீடையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வாளர்களும் இதையெல்லாம் அளந்து பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் ஜான்ஸ்டன் 1987இல் ஆஸ்திரேலிய ஒலியியல் இதழ் ஒன்றில் எழுதினார். ஹென்றி பான்சன் என்ற அமெரிக்க இதய அறுவை மருத்துவர், வேறு இரண்டு பேரோடு சேர்ந்து, ரீட்களை ஒவ்வொன்றாக அடைத்தும் அவற்றின் அசைவைக் கருவிகளால் பதிவுசெய்தும் பார்த்து, 1998இல் வெளியிட்டார். எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி ஒருவர் ஹார்மோனிகா வாசிக்க, அவர் நாக்கு எங்கே போகிறது என்று படமெடுத்ததும் உண்டு. ஹார்மோனிகா பிறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு நடந்தவை இவை. கருவியை வடிவமைத்தவர்கள் இதை முன்பே கணக்குப் போட்டு வைத்தார்கள் என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தத் துளை எவ்வளவு வளையும்?

விதி ஒன்றுதான். ஒரே அறையில் இருக்கும் இரண்டு சுரத்தில் உயர்ந்தது வளையும், தாழ்ந்ததற்கு அரைச்சுரம் மேலே வந்து நிற்கும்.

1 முதல் 6 வரை இழுக்கும் சுரம் உயரம், அதனால் இழுத்து வளைக்கிறோம். ஒன்றிலும் நான்கிலும் ரி2 இறங்கி ரி1 ஆகும். இரண்டில் 'ப' இறங்கி ம2, பிறகு ம1. மூன்றில் நி3 இறங்கி நி2, த2, த1 என மூன்று நிலை. இருப்பதிலேயே ஆழமானதும் பிடிபடக் கஷ்டமானதும் இதுதான். ஆறில் த2 இறங்கி த1. ஐந்தில் இருப்பது க3-உம் ம1-உம், அடுத்தடுத்த சுரங்கள் என்பதால் இறங்க இடமில்லை, லேசாகச் சாயும், அவ்வளவே. ஏழிலும் அப்படித்தான். 8, 9, 10 துளைகளில் ஊதும் சுரம் உயரம், அதனால் ஊதி வளைக்க வேண்டும். ப்ளூஸ் கலைஞர் ஜிம்மி ரீட் அந்த மேல் துளைகளில் வாசிப்பதற்குப் பேர்போனவர்.

முதன்முதலில் வளைத்தது யார்?

தெரியாமல் வளைத்தவர்கள் என்றால், ஹார்மோனிகாவை வாங்கிய அத்தனை பேரும்தான். இரண்டாம், மூன்றாம் துளைகளை ஆரம்பநிலையில் கொஞ்சம் அழுத்தி இழுத்தாலே சுரம் கீழே சரிந்துவிடும். ட்ரோசிங்கனில் விற்ற முதல் பெட்டிகளிலும் அது நடந்திருக்கும். அவர்கள் காதுக்கு அது பிழை.

அதைப் பிழையாகக் கேட்காத காதுகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்தன. அடிமைமுறையின் கொடுமையிலிருந்து வெளிவந்த கறுப்பின மக்களின் வயல்வேலைப் பாட்டிலும் தேவாலயப் பாட்டிலும், க2-வுக்கும் க3-க்கும் நடுவே நிற்கிற காந்தாரமும், வழுக்கி இறங்கும் நிஷாதமும் முன்பே இருந்தன. மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில் 1903 வாக்கில் ஒருவர் கிட்டார் தந்திமேல் கத்தியை வைத்துத் தேய்த்து வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி சொல்லியிருக்கிறார். தந்தியில் அந்த வழுக்கலைத் தேடியவர்கள் கையில் சில காசுக்கு ஒரு ஜெர்மன் ஹார்மோனிகா கிடைக்கிறது. இழுத்தால் சரிகிறது. அவர்கள் அதை விடுவார்களா?

இசைத்தட்டில் பார்த்தால் 1920களில் வளைவு முழு வளர்ச்சியோடு வந்து நிற்கிறது. வர்ஜீனியாவின் நெசவாலைத் தொழிலாளி ஹென்றி விட்டர் என்ற வெள்ளையர் 1923இல் தனி ஹார்மோனிகா பதிவுசெய்தார். 1927இல் டிஃபோர்ட் பெய்லி.

டிஃபோர்ட் பெய்லி யார்?

1899இல் டென்னசியில் பிறந்தவர். மூன்று வயதில் போலியோ வந்து, உடல் சிறுத்தே வளர்ந்தார். நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் வானொலியில் வாராவாரம் ஒரு இசை நிகழ்ச்சியில் வாசித்து நட்சத்திரமானார். 'பான் அமெரிக்கன்' என்பது அந்தப் பக்கம் ஓடிய ஒரு விரைவு ரயிலின் பெயர். அந்த ரயிலை அவர் ஹார்மோனிகாவில் ஓட்டிக் காட்டுவார். கீழ்த் துளைகளில் சக்கரச் சத்தம், அதன்மேல் விசில். தூரத்தில் போகும் விசில் தொய்ந்து இறங்குமே, அந்த இறக்கம் முழுக்க வளைவு. சுரத்தை எங்கே எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படி ஒரு ரயிலை ஓட்ட முடியாது. 1927 டிசம்பரில் ஒரு இரவு அவர் இதை வாசித்து முடித்த நேரத்தில்தான் அந்த நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பெயரே வந்தது.

1941இல் அவரை நிகழ்ச்சியை விட்டு நீக்கினார்கள். பிறகு ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது 2005இல். வளைவு தற்செயலா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் அவருடைய ரயிலைக் கேட்கச் சொல்வேன்.

ப்ளூஸ்காரர்கள் சி ஹார்மோனிகாவில் ஜி சுருதி வாசிப்பது ஏன்?

வாசித்தவர்கள் தெரிந்து செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். இதற்கு கிராஸ் ஹார்ப் என்று பெயர்.

சி ஹார்மோனிகாவின் 'ப'வை, அதாவது ஜி-யை எடுத்து, இதுதான் என் ச என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் செய்கிற கிரகபேதம் மாதிரிதான். இப்போது ஆதார ஒத்திசைவு இழுக்கும் பக்கம் வந்துவிடும், வளைகிற துளைகளும் அந்தப் பக்கம்தான். ப்ளூஸுக்கு வேண்டியவை, புதிய ச-விலிருந்து எண்ணினால், க2, ம1, ம2, ப, நி2. மூன்றாம் துளையை ஒரு படி வளைத்தால் க2. நான்கை ஊதினால் ம1. நான்கை இழுத்து வளைத்தால் ம2, வளைக்காமல் விட்டால் ப. ஐந்தை இழுத்தால் நி2. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், ஒரு வாய் அகலத்துக்குள். மூன்றாம் துளையை முழுப் படி இறக்காமல் பாதியில் நிறுத்தினால் அந்த நடுக் காந்தாரமும் கிடைக்கும். செய்தவர்கள் ஊதும் பக்கத்தைத்தான் வீடாக வைத்தார்கள். வாசித்தவர்கள் வீட்டையே இழுக்கும் பக்கத்துக்கு மாற்றிக் குடியேறினார்கள். ஜான் லீ வில்லியம்சன், சோனி டெர்ரி, லிட்டில் வால்டர் போன்ற ப்ளூஸ் ஹார்மோனிகா கலைஞர்கள் எல்லோரும் வாழ்ந்தது அந்த வீட்டில்தான்.

ஆர்மோனியத்திலும் இதே ரீட்தானே? அது ஏன் வளைவதில்லை?

ரீட் வகை ஒன்றுதான். ஆனால் ஆர்மோனியத்தில் காற்று துருத்தியிலிருந்து வருகிறது, வாயிலிருந்து இல்லை. அளவை மாற்றிக்கொள்ளும் வாயறையும் நாக்கும் அங்கே கிடையாது, எதிர் ரீடும் கிடையாது. கமகம் வராது என்ற குறையும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தது, 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. அதே குடும்பத்தின் இன்னொரு கருவி, வாயில் வைத்து வாசிப்பதாலும் எதிர் ரீட் இருப்பதாலும் வழுக்கிப் பாடியது.

என் 24 துளை மவுத் ஆர்கனில் எவ்வளவு முயன்றும் வளையவில்லை. என் தப்பா?

இல்லை. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது ட்ரெமொலோ வகை. மேலும் கீழும் இரண்டு வரிசைத் துளை இருக்கும், ஒலி லேசாக நடுங்கும். அதில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை, ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் சந்திக்கவே வழியில்லை. பழைய சினிமாப் பாட்டுகளுக்கு அது அருமையான கருவி. வளைக்க வேண்டும் என்றால் சி சுருதியில் பத்துத் துளை டயடோனிக் (இதுவரை நான் சொன்ன வகை) என்று கேட்டு வாங்குங்கள்.

ஓவர்ப்ளோ என்கிறார்களே, அது வேறா?

வேறு. பெண்டிங்கில் சுரம் இறங்கும், ஓவர்ப்ளோவில் மேலே தாவும். உதாரணமாக ஆறாம் துளையை ஒரு குறிப்பிட்ட வாய்நிலையில் ஊதினால் ஊதும் ரீட் அடங்கி, இழுக்கும் ரீட் அரைச்சுரம் மேலே ஒலிக்கும். அமெரிக்க ஹார்மோனிகா கலைஞர் ஹோவர்ட் லெவி 1970 வாக்கில் இதைப் பிடித்து, வளைவோடு சேர்த்து, பத்துத் துளையில் பன்னிரண்டு சுரமும் வாசிக்கிற முறையாக வளர்த்தார். ப்ளூஸ் பேர்ட்ஹெட் என்பவரின் 1929 இசைத்தட்டிலேயே ஒரு ஓவர்ப்ளோ கேட்கிறது.

வளைவதற்காகவே செய்த ஹார்மோனிகா உண்டா?

உண்டு, ஆனால் மிகவும் பிந்தி. ரிக் எப்பிங் வடிவமைத்த எக்ஸ்பி-40 என்ற மாடலை ஹோனர் நிறுவனம் 2003இல் கொண்டுவந்தது. வழக்கமான 20 ரீடோடு இன்னொரு 20 துணை ரீட். ஊதினாலும் இழுத்தாலும் எல்லாத் துளையும் வளையும். சுசுகி என்ற இசைக்கருவி நிறுவனம் பின்னால் 30 ரீடோடு ஒன்று செய்தது. திட்டமிட்டு வளையச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இவை நல்ல உதாரணம். ஐந்தாம் துளை வளையாமல் முரண்டு பிடிப்பது போன்ற விடுபடல்கள் இவற்றில் இல்லை. எண்ணிச் செய்திருந்தால் ரிக்டர் அடுக்கிலும் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

பலமாக இழுத்தால்தான் வளையுமா? ரீட் போய்விடாதா?

பலம் தேவையே இல்லை. தொடக்கத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்து இழுத்து இழுத்து நான்காம் துளை ரீடையோ ஐந்தாம் துளை ரீடையோ பலிகொடுக்கிறார்கள். பித்தளை களைத்துப்போய் முதலில் சுருதி இறங்கும், பிறகு ஒரு நாள் முறியும். வளைக்கிற வேலை முழுக்க நாக்கினுடையது. வாயில் ஹார்மோனிகா இல்லாமல், 'ஈ' என்று சொல்கிற நிலையில் மூச்சை உள்ளே இழுத்தபடியே 'ஊ'வுக்கு மாறுங்கள். உள்ளே போகிற காற்றின் சத்தம் தாழ்வதைக் கேட்பீர்கள். அதே அசைவை நான்காம் துளையில் வைத்துச் செய்யுங்கள். இரண்டிலோ மூன்றிலோ தொடங்க வேண்டாம், அவை தாமாகவே சரிந்து உங்களைக் குழப்பும். சில நாள் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு மாலை ரி2 திடீரென்று வழுக்கி ரி1-இல் போய் உட்காரும். உடனே நிறுத்திவிடாமல், அதை அங்கேயே பிடித்து, மறுபடி மெதுவாக மேலே கொண்டுவந்து பாருங்கள்.